ரத்தம் வருகிற இடத்தில் பல் தேய்க்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. வயது 38. எட்டு மாதமாகப் பல் தேய்த்துத் துப்பும்போது எச்சிலில் ரத்தம் கலந்து வருகிறது. வலி இல்லை. பிரஷ் குத்தித்தான் ஈறு புண்ணாகிறது என்று நினைத்து, ரத்தம் வருகிற பக்கத்தில் தேய்ப்பதையே குறைத்துவிட்டீர்கள். டாக்டரிடம் போய் கிளீன் செய்துகொண்டால் பல்லுக்கு நடுவே சந்து விழும், அப்புறம் ஆட ஆரம்பித்துவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். அதனால் எந்த பேஸ்ட், எந்த மவுத்வாஷ் நல்லது என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில், அம்மாவுக்கு ஐம்பது வயதிலேயே பல் செட் வைக்க வேண்டியதாயிற்று என்று ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. நீங்கள் கேட்க நினைத்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது: எனக்கும் அப்படி ஆகுமா, என் பல் நிலைக்குமா? ஈறு நோய்களில் மேற்படிப்பு முடித்து இருபது வருடத்துக்கு மேலாக இதே வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் அவசரமான விஷயம். ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்காதீர்கள். அங்கேதான் கூடுதல் கவனத்தோடு தேய்க்க வேண்டும். நல்ல ஈறில் மென்மையான பிரஷ் பட்டால் ரத்தம் வராது. அங்கே ஏற்கெனவே அழற்சி இருக்கிறது, ஈறின் உள்தோல் மெலிந்து, அடியில் ரத்தக்குழாய்கள் வீங்கி நிற்கின்றன, அதனால் லேசாகத் தொட்டாலே கசிகிறது. அந்த அழற்சிக்குக் காரணம் பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் தங்கிப்போன அழுக்குப் படலம். நீங்கள் அங்கே தேய்க்காமல் விட விட படலம் தடிக்கிறது, ஈறு இன்னும் வீங்குகிறது, அடுத்த முறை இன்னும் எளிதாக ரத்தம் வருகிறது. அதைப் பார்த்துப் பயந்து நீங்கள் இன்னும் கொஞ்சம் விலகுகிறீர்கள். எட்டு மாதமாக நடந்துகொண்டிருப்பது பெரும்பாலும் இந்தச் சுழல்தான்.

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு அழற்சி வந்தது, ஒருவர்கூடத் தப்பவில்லை. திரும்பத் தேய்க்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. எங்கள் துறையில் இவ்வளவு தெளிவாக ஒரு காரணத்தையும் விளைவையும் காட்டிய சோதனைகள் குறைவு. ஈறின் விளிம்போடு மட்டும் நிற்கிற அழற்சி முழுவதுமாகக் குணமாகும் என்பதற்கும் இதுவே சான்று.

படலம் என்று சொல்கிறேனே, அதை நீங்களே பார்க்கலாம். காலையில் தேய்ப்பதற்கு முன்னால் கீழ்ப்பல்லின் அடிப்பக்கத்தை, ஈறை ஒட்டி, நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். நகத்தில் வெளிர் மஞ்சளாக, மாவு போல ஒன்று ஒட்டும். உணவுத் துணுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது முக்கால்வாசி உயிருள்ள பாக்டீரியா. ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ பத்துக் கோடி இருக்கும். 1683-இல் லேவன்ஹூக் என்ற டச்சுக்காரர் தன் பல்லிடுக்கில் சுரண்டி எடுத்த இதே மாவைத் தன் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, தன் நாட்டு மக்களைவிட அதிகமான உயிர்கள் தன் வாய்க்குள் இருக்கின்றன என்று லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இந்தப் பாக்டீரியாக்கள் தனித்தனியாக மிதப்பதில்லை. பசை போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காகக் குடியிருக்கின்றன. வாய் கொப்பளித்தால் போகாமல் இருப்பதும், மாத்திரை போட்டால் சாகாமல் இருப்பதும் இந்தப் பசையால்தான். பிரஷ்ஷோ கருவியோ பட்டுக் கலைய வேண்டும்.

சரி, இதே படலம் அங்கேயே கிடந்தால் என்ன ஆகும்? எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதற்குள் இறங்கி, சில நாட்களிலேயே கெட்டிப்பட ஆரம்பிக்கும். அதுதான் காறை. உமிழ்நீர் சுரப்பிகளின் வாய் திறக்கும் இரண்டு இடங்களில், அதாவது கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கத்திலும் அது அதிகம் படியும். ஈறுக்கு மேலே இருப்பது மஞ்சளாக இருக்கும். ஈறுக்கு அடியில் படிவது கறுப்பாக, கல் மாதிரி, வேரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காறை ஆனபின் எந்த பிரஷ்ஷாலும் எந்த பேஸ்ட்டாலும் அதை எடுக்க முடியாது. அதன் சொரசொரப்பு புதிய படலத்துக்கு நல்ல பிடிமானம் ஆகிவிடுகிறது.

இதுவரை சொன்னது ஈறு அழற்சி. இதற்கு அடுத்த கட்டம் ஒன்று இருக்கிறது, பல்லைத் தாங்கும் எலும்பு கரையும் கட்டம். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே எல்லோருக்கும் ஒரு சிறு பள்ளம் உண்டு, ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். நோய் உள்ளே இறங்கினால் ஈறு வேரைப் பிடித்திருந்த பிடி விட்டுப்போய், அந்தப் பள்ளம் 5, 6, 8 மில்லிமீட்டர் என்று ஆழமாகும். அதை நாங்கள் பாக்கெட் என்போம். அந்த ஆழத்துக்கு எந்த பிரஷ்ஷும் எட்டாது. எலும்பைத் தின்பது கிருமிதான் என்று நினைப்பார்கள். பெரும்பகுதி வேலையைச் செய்வது நம் உடம்பே. விடாமல் நடக்கிற தாக்குதலுக்கு எதிராக வெள்ளணுக்கள் விடுகிற பொருட்களும், எலும்பைக் கரைக்கச் சொல்லிப் போகிற சைகைகளும் சேர்ந்து, கிருமி இருக்கிற இடத்திலிருந்து எலும்பைப் பின்வாங்க வைக்கின்றன. இப்படிக் கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. குறிப்பிட்ட வடிவத்தில் பள்ளம் விழுந்த சில இடங்களில் மட்டும் அறுவை சிகிச்சையால் ஓரளவு மீட்கலாம்.

இத்தனை நடந்தும் வலிக்காது. என் அனுபவத்தில் இந்த நோயின் மிக மோசமான குணம் இதுதான். சொத்தைப் பல் தூங்கவிடாது, மறுநாளே கிளினிக் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். ஈறு நோயோ பத்து வருடம் சத்தமில்லாமல் நடக்கும். கடித்துச் சாப்பிடும்போது பல் அசைகிறது என்று ஒருவர் வந்து உட்காரும் நாளில், பாதி எலும்பு போயிருக்கும். ஆகவே வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே எச்சரிக்கை அந்த ரத்தம்தான்.

இப்போது வீட்டில் சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன், கிளீன் செய்தால் பல் ஆடும் என்பது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள், காரணத்தை மட்டும் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நான் வேலை தொடங்கிய புதிதில் நாற்பதுகளில் இருந்த ஒரு பெண்மணி வந்தார். கீழ் முன்பற்கள் நான்கின் உட்புறமும் காறை ஒரே சுவராகக் கட்டியிருந்தது, பல் எது காறை எது என்று பிரிக்க முடியாத அளவுக்கு. அதை எடுத்து முடித்ததும் அவர் நாக்கால் தடவிப் பார்த்தார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே காற்று போகிறது, ஒரு பல் லேசாக ஆடுகிறது. "நல்லா இருந்த பல்லை இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று அழுதுவிட்டார். எக்ஸ்ரே எடுத்துக் காட்டினேன். எலும்பு வேரின் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அது ஒரு மணி நேரத்தில் நடப்பதல்ல, பல வருடக் கணக்கு. எலும்பு போன இடத்தைக் காறை நிரப்பி, நான்கு பற்களையும் சிமென்ட் போட்டது போல ஒட்டி வைத்திருந்தது. அதை எடுத்ததும் உண்மை நிலை வெளியே தெரிந்தது. அன்றிலிருந்து எக்ஸ்ரேயைக் காட்டி, இதெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லாமல் நான் கருவியைக் கையில் எடுப்பதில்லை. அந்தப் பெண்மணி கோபத்தோடு போனாலும் திரும்பி வந்தார். அந்த ஆட்டம் மூன்று மாதத்தில் பெருமளவு குறைந்தது, அழற்சி வடிந்ததும் மிச்சமிருந்த நார்கள் பல்லை இறுகப் பிடித்துக்கொண்டன.

காறையை எடுக்கும் ஸ்கேலிங் கருவி பல்லைத் தேய்த்துவிடும் என்ற பயமும் உண்டு. அதன் முனை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அதிர்ந்து, தண்ணீரோடு காறையைப் பெயர்க்கிறது. எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள், சரியாகச் செய்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. வேரின் மேல்பரப்பு அவ்வளவு கடினமானதல்ல, அங்கே முரட்டுத்தனமாகச் செய்தால் கொஞ்சம் தேயத்தான் செய்யும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சிகிச்சைக்குப் பிறகு சில நாள் முதல் சில வாரம் வரை குளிர்ச்சி பட்டால் கூச்சம் இருக்கும். வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதால் பல் கொஞ்சம் நீளமாகத் தெரியும், அடியில் சிறு முக்கோண இடைவெளி விழலாம். கண்ணாடியில் பார்க்க இது சங்கடமாக இருக்கும், மறைக்கவில்லை. ஆனால் வீங்கிய ஈறு அதை மறைத்துக்கொண்டிருந்ததே தவிர, எலும்பு அதற்கு முன்பே போய்விட்டது.

அம்மாவைப் பற்றி. இந்த நோய் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. அதே ஹரால்ட் லோவின் குழு 1970 முதல் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்தது. அவர்களுக்கு பிரஷ் வழக்கமும் இல்லை, பல் சிகிச்சையும் கிடைக்கவில்லை. எல்லோர் பல்லிலும் படலமும் காறையும் நிறைய இருந்தன. ஆனாலும் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் போனது, 81 சதவீதம் பேருக்கு மிதமாக, மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. ஒரே அழுக்கு, மூன்று விதமான முடிவு. ஒவ்வொருவர் உடம்பும் எப்படி எதிர்வினை செய்கிறது என்பதில் பரம்பரைக்கு நல்ல பங்கு இருக்கிறது என்பது இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் தெரிந்தது. ஆகவே அம்மாவின் கதை உங்களுக்குப் பொருட்படுத்த வேண்டிய தகவல்தான். ஆனால் அது தீர்ப்பு ஆகாது. அம்மா புகை பிடித்தாரா, சர்க்கரை இருந்ததா, அவருக்குப் பல் போனது ஈறு நோயாலா சொத்தையாலா என்று தெரியாமல் அவரை வைத்து உங்களைக் கணிக்க முடியாது. பரம்பரை வேகத்தைக் கூட்டலாம். எரிபொருள் அந்தப் படலம்தான், அது உங்கள் கையில் இருக்கிறது.

வேகத்தைக் கூட்டுகிற மற்ற இரண்டு பெரிய விஷயங்கள் புகையும் சர்க்கரையும். புகை பிடிப்பவர்களுக்கு ஈறின் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருப்பதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் ரத்தம் வராது, ஈறு வெளிறிக் கெட்டியாக, நன்றாக இருப்பது போலவே தெரியும். புகையை நிறுத்திய சில வாரங்களில் திடீரென்று ரத்தம் வரத் தொடங்கினால் பலர் பயந்துபோய் வருவார்கள். அது ஈறுக்கு உயிர் திரும்புகிற அறிகுறி. சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் உறவு இருபக்கமும் போகிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு மோசமாகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறுக்கு ஆழமாகச் சிகிச்சை செய்தால், இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது. 38 வயதில் சர்க்கரையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, பல ஆண்டுகளாக ஈறைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நான் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை தெரியவந்தவர்கள் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிடோயின் போன்ற மருந்துகள் சிலருக்கு ஈறைப் பருக்க வைக்கும். அப்படி ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஈறு நோய் வந்தால் மாரடைப்பு வரும், மறதி நோய் வரும் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். இங்கே நான் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோயும் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது உண்மை. ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. இரண்டுக்கும் புகை, சர்க்கரை, வயது என்று பொதுவான காரணங்கள் இருக்கின்றன. அமெரிக்க இதயக் கழகமும் 2012-இல் இதைத்தான் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு ஈறு சிகிச்சை பாதுகாப்பானது, ஈறுக்கு நல்லது. அதனால் குறைப்பிரசவம் குறையும் என்ற எதிர்பார்ப்பு பெரிய சோதனைகளில் நிறைவேறவில்லை. உங்கள் பல் உங்களுக்கு வேண்டும் என்பதே சிகிச்சைக்குப் போதுமான காரணம், மாரடைப்பைக் காட்டிப் பயமுறுத்தத் தேவையில்லை.

தேய்க்கும் முறைக்கு வருவோம். மென்மையான பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் பல்லின் நடுப்பகுதியைத்தான் பளபளவென்று தேய்க்கிறார்கள். அழுக்கு இருப்பது ஈறு விளிம்பில். பிரஷ்ஷின் இழைகள் பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி, 45 டிகிரி சாய்வாக வையுங்கள். இழை நுனி விளிம்புக்குள் லேசாக நுழைகிற உணர்வு தெரியும். அந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசையுங்கள், பத்து எண்ணிவிட்டு அடுத்த இரண்டு பல்லுக்கு நகருங்கள். பிரஷ்ஷைப் பேனா பிடிப்பது போல விரல் நுனியில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக் குறுக்கே இழுத்தால் ஈறு இறங்கும், வேர் தேயும். உங்கள் பிரஷ் ஒரே மாதத்தில் இருபக்கமும் விரிந்துபோகிறதென்றால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். மின்சார பிரஷ் சாதா பிரஷ்ஷைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுத்தம் செய்கிறது, ஆய்வுகளில் தெரிகிற வித்தியாசம்தான். கை நன்றாகப் பழகியவருக்கு அது கட்டாயமில்லை.

பிரஷ் எட்டாத இடம் பல்லிடுக்கு, இந்த நோய் பெரும்பாலும் தொடங்குவதும் அங்கேதான். இடுக்கு நெருக்கமாக இருந்தால் ஃபிளாஸ் நூல், கொஞ்சம் சந்து இருந்தால் சின்னஞ்சிறு பாட்டில் பிரஷ் போல இருக்கும் இடுக்கு பிரஷ். ஃபிளாஸ் பற்றிய ஆய்வுச் சான்றுகள் அவ்வளவு பலமாக இல்லை. பெரும்பாலோர் அதைச் சரியாகச் செய்வதில்லை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். இடுக்கு பிரஷ்ஷுக்கு நான் அதிகம் வாக்களிப்பேன், உள்ளே போகிற இடத்தில் அது செய்யும் வேலையை ஃபிளாஸ் செய்யாது. சரியான அளவு என்றால் லேசான உரசலோடு உள்ளே போக வேண்டும், திணிக்கக் கூடாது. முதல் வாரம் ரத்தம் வரும். வெளியே எடுத்ததும் முகர்ந்து பாருங்கள், நாற்றம் அடித்தால் அந்த இடுக்கு இத்தனை நாள் விடுபட்டிருக்கிறது. பத்து நாளில் ரத்தமும் நாற்றமும் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

நீங்கள் கேட்ட பேஸ்ட்டும் மவுத்வாஷும். ஃபுளோரைடு உள்ள எந்த பேஸ்ட்டும் போதும். ஃபுளோரைடு சொத்தைக்காக, ஈறுக்கு வேலை செய்வது பிரஷ். ஸ்டான்னஸ் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் ஈறு அழற்சியைக் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்கும், அவ்வளவுதான். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் உண்மையிலேயே சக்தி உள்ளது. ஆனால் நாள்பட்டால் பல்லில் பழுப்புக் கறை விழும், நாக்கு ருசி மாறும். இரண்டு வாரம் போல, டாக்டர் சொன்னால் மட்டும் பயன்படுத்துங்கள். பேஸ்ட் போட்டுத் தேய்த்த உடனே அதைக் கொப்பளித்தால் மவுத்வாஷின் வேலை குறையும், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். எந்த மவுத்வாஷும் ஆழமான பாக்கெட்டுக்குள் இறங்காது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் இதமாக இருக்கும், காறையைக் கரைக்காது. கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட வேண்டாம். பசைக்குள் இருக்கும் கிருமியை அது தொடுவதில்லை, வீக்கம் ரெண்டு நாள் குறைந்து ஏமாற்றும்.

உங்களுக்கு இருப்பது விளிம்போடு நிற்கிற அழற்சியா, எலும்புவரை போய்விட்டதா என்று எழுத்தைப் படித்து என்னாலோ வேறு யாராலோ சொல்ல முடியாது. ரத்தம் வருவதால் மட்டும் எலும்பு கரைகிறது என்று ஆகிவிடாது, ரத்தம் வருகிற பல இடங்களில் நோய் முன்னேறுவதில்லை. ஆனால் அளக்கும்போது ரத்தமே வராத இடம் நல்ல நிலையில் இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். இதைக் கண்டுபிடிக்க டாக்டர் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில், கறுப்புக் கோடு போட்ட மெல்லிய கம்பியால் மிக லேசாக அளக்க வேண்டும். "மூணு, ரெண்டு, மூணு" என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே போவார். 3 வரை வந்தால் நிம்மதி. 5, 6 என்று கேட்டால் எக்ஸ்ரேயும், மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியில் செய்யும் ஆழமான கிளீனிங்கும் தேவைப்படும். அதிலேயே ஏறத்தாழ முக்கால்வாசி பாக்கெட்டுகள் மூடிவிடுகின்றன, மிச்சத்துக்குத்தான் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டிவரும். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளக்க வேண்டும். எலும்பு பாதிக்கப்பட்டவர்கள் அதன் பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது நல்லது. கம்பியால் அளக்காமல் வெறுமனே மேலே சுத்தம் செய்து அனுப்பினால், அளவு என்ன வந்தது என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சில அறிகுறிகள் இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். தேய்க்காமலே ஈறிலிருந்து தானாக ரத்தம் கசிவது, உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போன தடங்கள், விடாத சோர்வு, காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வந்தால் முதலில் பொது மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், அது ரத்த நோயாக இருக்கலாம். ஈறில் சீழ் கட்டிக் கன்னம் வீங்கினால் அன்றே பல் டாக்டரைப் பாருங்கள். இவை எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை.

டாக்டரைப் பார்க்கும் நாள் வரை, இன்றிரவிலிருந்தே ஒன்று செய்யுங்கள். வாயில் பிரஷ் வைத்ததும் எல்லோரும் தொடங்குகிற முன்பக்கத்தை விட்டுவிட்டு, கீழ் முன்பற்களின் உட்புறத்தில் தொடங்குங்கள். பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து, நாக்கை ஒட்டிய ஈறு விளிம்பில் மெல்ல அசையுங்கள். அடுத்து, எட்டு மாதமாக ஒதுக்கி வைத்த அந்தப் பக்கத்துக்குப் போங்கள். துப்பும்போது ரத்தம் வரும். முதல் சில நாள் கூடுதலாகக்கூட வரலாம். இரண்டு வாரம் விடாமல் செய்து, எந்தப் பல்லில் இன்னும் ரத்தம் வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். அடியில் காறை உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.